பதிவேட்டில் இல்லாத கட்டம்: மருத்துவர் உரிமமும் நமது கணக்குக் கேட்பும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவாகத் திருவண்ணாமலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2011 மக்கள்தொகைக் கணக்கின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் 24,64,875 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 23 விழுக்காடு. சவ்வாது மலையில் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். எந்த வட்டத்தில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், எத்தனை பேர் கூலி வேலை செய்கிறார்கள் என்று அரசு நம்மைப் பற்றி எண்ணி வைத்திருக்கிறது. இதே மாவட்டத்தில் மருத்துவம் பார்க்க உரிமம் பெற்றவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மருத்துவப் பதிவேடு அதற்குப் பதில் சொல்லாது. அந்தக் கட்டம் அதில் இல்லை.

நோயாளிகளாக நாம் எண்ணப்படுகிறோம். பயனாளிகளாக எண்ணப்படுகிறோம். மருத்துவம் பார்ப்பவர்களாக நாம் எண்ணப்படவில்லை. இது எப்படி நேர்ந்தது, அந்தக் கட்டம் வேண்டுமா, வேண்டுமென்றால் யார் கையில் எந்த நிபந்தனையோடு இருக்க வேண்டும் என்பதே இந்த உரையின் பொருள். பண்டிதரின் பெயரால் நடக்கும் நிகழ்வில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அவர் சித்த மருத்துவர். குடிமதிப்புக் கணக்கில் ஒரு கட்டத்துக்கு என்ன வலிமை உண்டு என்பதை நம்மில் முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர்.

1914: ஒரு மரணமும் ஒரு சட்டமும்

1845இல் பிறந்த பண்டிதர் 1914 மே மாதம் மறைந்தார். அதே 1914இல்தான் சென்னை மாகாணத்தின் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பம்பாயில் அப்படியொரு சட்டம் வந்திருந்தது. வங்காளத்திலும் அதே 1914இல் வந்தது. மேற்கத்திய மருத்துவம் படித்துப் பட்டமோ சான்றிதழோ பெற்றவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் தகுதியையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது இந்தச் சட்டத்தின் வேலை. அதில் பெயர் இருப்பவர் மருத்துவர். இல்லாதவர் எத்தனை ஆண்டு நாடி பிடித்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வேறு ஆள்.

பண்டிதர் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் அவர் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்காது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவை அதற்கு வெளியே நின்றன. 1921இல் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 1923இல் அறிக்கை வந்து, அதன் பிறகு சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டபோதுதான் அந்த வாசல் சற்றே திறந்தது. அதற்குள் ஊர்ப்புறத்தில் வைத்தியம் பார்த்த எத்தனையோ ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் அறிவு எந்தப் பதிவும் இல்லாமல் போயிருந்தது.

பதிவுச் சட்டத்துக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. போலி மருத்துவரிடமிருந்து மக்களைக் காக்கப் பதிவேடு தேவை. போலி மருத்துவரிடம் முதலில் சாவது ஏழைதான். ஆனால் பதிவேடு ஒரு வேலியும் கூட. வேலிக்கு உள்ளே எந்தக் கல்லூரி வழியாகப் போக வேண்டும், அந்தக் கல்லூரிக்கு எந்தப் பள்ளி வழியாகப் போக வேண்டும் என்று பின்னோக்கிப் பார்த்தால், அந்தப் பள்ளியின் திண்ணையில்கூட நமக்கு இடம் இல்லாத காலம் அது. பதிவேடு யாருடைய சாதியையும் கேட்கவில்லை. அதன் வாசலுக்கு வரும் வழியெங்கும் சாதி கேட்கப்பட்டுவிட்டதால், மறுபடி கேட்கும் தேவை அதற்கு இருக்கவில்லை.

‘மருத்துவர்’ என்ற சொல்லின் கதை

தமிழ்நாட்டில் ‘மருத்துவர்’ என்பது ஒரு சாதியின் பெயரும் ஆகும். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. முடிதிருத்தும் தொழிலோடு சேர்த்து அந்தச் சமூகத்து ஆண்கள் கட்டி கீறினார்கள், புண் ஆற்றினார்கள். பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். ஊரில் எல்லாச் சாதிக் குழந்தைகளையும் முதலில் தொட்டது மருத்துவச்சியின் கை. அந்தக் கை தீட்டு என்று ஒதுக்கப்பட்டது. சேரியிலோ நம் பாட்டிமார்களே பேறு பார்த்துக்கொண்டார்கள்.

1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சியும் சான்றிதழும் பதிவும் தேவை என்றானது. தாய் சேய் மரணத்தைக் குறைக்க அந்தப் பயிற்சி அவசியமாகவும் இருந்தது. ஆனால் பரம்பரையாகப் பேறு பார்த்த பெண்களுக்கு எழுத்தறிவு கொடுத்து அந்த வேலியைத் தாண்ட வைக்கும் முயற்சி அதே வேகத்தில் நடக்கவில்லை. தீட்டாக இருந்தவரை அது அவர்களின் வேலை. சம்பளமும் மதிப்பும் வந்தபோது அந்த வேலைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ‘மருத்துவர்’ என்ற பெயர் மட்டும் அவர்களுக்குச் சாதிப் பெயராக மிச்சமானது.

இந்த வட்டாரத்தில் இன்னொரு வழியும் திறந்தது. திருவண்ணாமலை அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். ஆர்க்காடு மிஷன் சபைகளில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அந்தச் சபைகளின் பள்ளிகளில் படித்த நம் பெண்களுக்கு வெள்ளைச் சேலையும் சம்பளமும் தந்த முதல் தொழில்களில் ஒன்று செவிலியம். அவர்கள் மத நிரலில் கிறிஸ்தவர் என்று எண்ணப்பட்டார்கள். தலித் என்று எண்ணப்படவில்லை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

எண்ணிக்கை தந்த பங்கு

எண்ணிக்கையால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் வரலாறே பதில். 1916 டிசம்பரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை ஒரு கணக்கு வழக்கு. மக்கள்தொகையில் இத்தனை பேர், அரசுப் பதவியில் இத்தனை பேர் என்று அது இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் டி.எம். நாயர் தொழிலால் மருத்துவர். 1921இல் வந்த முதல் வகுப்புவாரி அரசாணை, துறைத் தலைவர்கள் தங்கள் அலுவலகங்களில் எந்த வகுப்பினர் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று கணக்கு அனுப்பச் சொன்னது. 1927 அரசாணை 12 இடங்களைப் பிரித்தது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1.

அந்த ஒன்றைக் கவனியுங்கள். ‘பார்ப்பனரல்லாதார்’ என்ற பெரிய கட்டத்துக்குள் நம் மக்களும் அடக்கம் என்று சொல்லப்பட்டது. அந்தக் கட்டத்தின் பலன் கிடைத்தபோது நாம் அதில் எத்தனை பேர் என்ற கேள்வி எழுந்தது. எம்.சி. ராஜா நீதிக்கட்சியோடு முரண்பட்டு விலகியதன் பின்னணியில் இந்தக் கேள்வி இருந்தது. கட்டம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு எளிதாக அதற்குள் கடைசி ஆள் காணாமல் போவார்.

1947இல் அந்தப் பங்கு 14 இடங்களாக மாற்றி அமைக்கப்பட்டது. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இந்தக் கணக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன வழக்கு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியது என்பது தற்செயல் இல்லை. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரலில் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு சேர்ந்தது. இன்று இந்தியா முழுவதும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போவது அந்த வாசல் வழியாகத்தான்.

அதற்குப் பிறகு 1994ஆம் ஆண்டின் 69 விழுக்காட்டுச் சட்டம் வந்தது. 2009இல் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு வந்தது. நீட் தேர்வு என்ன செய்தது என்று ஆராய 2021இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பதை எண்களால் காட்டியது. தமிழ் வழியில் படித்தவர்களின் பங்கு எப்படிச் சுருங்கியது என்று நாம் இன்று மேடையில் பேச முடிவது அந்தக் கணக்கால்தான். அரியலூர் அனிதாவின் 1176 மதிப்பெண்ணை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரு மரணத்தைத் தனிப்பட்ட சோகம் என்று ஒதுக்கிவிட முடியும். பத்து ஆண்டுக் கணக்கை அப்படி ஒதுக்க முடியாது.

வாசலோடு நின்றுபோகும் கணக்கு

நமது கணக்கெல்லாம் வாசலில்தான் நடக்கிறது. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் தரவரிசைப் பட்டியல் வருகிறது. அதில் வகுப்பும் இருக்கிறது. ஐந்தரை ஆண்டு கழித்து அந்த மாணவர் மருத்துவராகப் பதிவு செய்யும்போது அந்தக் கணக்கு அறுந்துபோகிறது. அவர் மேற்படிப்புக்குப் போனாரா, ஊருக்குத் திரும்பினாரா, தனியார் மருத்துவமனை அவரை வேலைக்கு எடுத்ததா, அவர் துறைத் தலைவர் ஆனாரா என்று சமூக வாரியாகச் சொல்லும் பதிவேடு இல்லை. உயர் சிறப்புப் படிப்பில் இடஒதுக்கீடே கூடாது என்று 1999இல் பிரீதி ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதயம், மூளை, சிறுநீரகம் பார்க்கும் மருத்துவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்கும் சந்தர்ப்பமும் அங்கே சேர்ந்தே மூடப்பட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு முறை உத்தியோகபூர்வமான சாட்சி கிடைத்தது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2007இல் அறிக்கை வந்தது. விடுதியில் ஒதுக்கப்படுவது, ஆசிரியரின் ஆதரவு கிடைக்காதது, தேர்வின்போது சாதியை நேராகவோ சுற்றிவளைத்தோ விசாரிப்பது என்று மாணவர்கள் சொன்னவை அதில் பதிவாயின. நாட்டின் முதன்மையான மருத்துவ நிறுவனத்தைப் பற்றிய அறிக்கை அது. 2019 மே மாதம் மும்பையில், பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்து முதுநிலை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பாயல் தட்வி உயிரை விட்டார். சாதிச் சீண்டல் என்று குடும்பம் சொன்னது. வழக்கு நடக்கிறது.

சாதி மருத்துவமனைக்குள் தெரியாமல் இல்லை என்பதே இவற்றின் பொருள். அது வாய்வழியாக, விடுதி வழியாக, தரவரிசைப் பட்டியல் வழியாக எல்லோருக்கும் தெரிகிறது. நமக்கு எதிராகப் பயன்படுத்தும் அளவுக்குத் தெரிகிறது. நாம் நியாயம் கேட்கப் பயன்படுத்தும் அளவுக்கு எழுத்தில் இல்லை.

அடித்தட்டுக்கு வாருங்கள். மருத்துவமனையின் கழிப்பறையையும் பிணவறையையும் சுத்தம் செய்பவர் யார் என்று அறியப் பதிவேடு வேண்டியதில்லை. நிரந்தரப் பணியாக இருந்த தூய்மைப் பணி ஒப்பந்தத்துக்குப் போன பிறகு, அங்கே இனச்சுழற்சியும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்துச் சாதி கண்ணுக்குத் தெரிகிறது. மேல்தளத்துச் சாதிக்கு ‘தகுதி’ என்று பெயர்.

முன்பு தொழிலையும் சாதியையும் சேர்த்து எண்ணிய கணக்கு இருந்தது. 1931 குடிமதிப்பில் அது கடைசியாக வந்தது. சென்னை மாகாணத்துக்கு அதை நடத்திய ஈட்ஸ், 1941இல் இந்தியா முழுமைக்கும் ஆணையராக இருந்தார். அந்த முறை சாதி அட்டவணை வெளியிடப்படவில்லை. விடுதலைக்குப் பின் பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்றவர்களின் சாதி கேட்கப்படவில்லை. 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் சாதி விவரம் வெளிவரவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்திய சுகாதாரப் பணியாளர் குறித்து ஒரு ஆய்வை வெளியிட்டது. அது நம்பியது மருத்துவப் பதிவேடுகளை அல்ல, 2001 மக்கள்தொகைக் கணக்கை. தங்களை அலோபதி மருத்துவர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 57.3 விழுக்காட்டினருக்கு மருத்துவத் தகுதி இல்லை என்றும், அலோபதி மருத்துவர்களில் பெண்கள் 17 விழுக்காடே என்றும் அது காட்டியது. ஆண், பெண், நகரம், கிராமம் என்று பிரித்துப் பார்த்ததால் வெளிவந்த உண்மைகள் இவை. சாதியைப் பிரித்துப் பார்த்திருந்தால் என்ன வெளிவந்திருக்கும் என்ற கேள்வி 1931லிருந்து காத்திருக்கிறது.

குறியிடப்பட்டவர்கள்

இப்போது மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் சாதி எழுதினால் அது ஆயுதமாகாதா என்று நம் தோழர்கள் கேட்கிறார்கள். நம்முடைய மருத்துவர்களில் பலரும் கேட்கிறார்கள். அந்த அச்சத்துக்கு வரலாற்று ஆதாரம் இருக்கிறது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1906இல் நாடு முழுவதுமுள்ள மருத்துவர்களின் விவரத் திரட்டு ஒன்றை அச்சிடத் தொடங்கியது. அதில் கறுப்பின மருத்துவர்களின் பெயரருகே ‘நிறத்தவர்’ என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்து போடப்பட்டது. 1930களின் இறுதிவரை அது நீடித்தது. பொறுப்புக் காப்பீடும் வங்கிக் கடனும் கிடைக்காமல் போக அந்தக் குறி காரணமாகிறது என்று கறுப்பின மருத்துவர்களின் அமைப்பு போராடியது. தென் மாநிலங்களில் உள்ளூர் மருத்துவச் சங்கங்கள் அவர்களை உறுப்பினராக்கவில்லை. உறுப்பினர் இல்லை என்றால் மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்க முடியாது. 2008இல்தான் அந்தச் சங்கம் தன் இனப்பாகுபாட்டு வரலாற்றுக்கு மன்னிப்புக் கேட்டது. ஜெர்மனியில் இன்னும் கொடுமை நடந்தது. யார் யூதர் என்று அரசு ஆவணப்படுத்தி முடித்திருந்தது. 1938இல் ஒரே ஆணையில் யூத மருத்துவர்களின் உரிமம் பறிக்கப்பட்டது. யூத நோயாளிகளுக்கு மட்டும் சிகிச்சை தர ஒரு சிலரை விட்டுவைத்தார்கள். அவர்களும் தங்களை மருத்துவர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த இரண்டிலும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் குறி இருந்தது. குறியை இட்டவர் வேறொருவர். குறியிடப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை இல்லை.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைக் கால உதாரணம் உண்டு. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் கொரோனாவால் இறந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர். அங்கே சுகாதாரப் பணியாளரின் இன விவரம் ஏற்கனவே திரட்டப்பட்டு வந்ததால், இது விதியா, வேலைப் பங்கீட்டில் உள்ள பாகுபாடா என்று கேட்க முடிந்தது. நம் நாட்டிலும் மருத்துவர்கள் இறந்தார்கள், செவிலியர் இறந்தார்கள், தூய்மைப் பணியாளர்கள் இறந்தார்கள். பாதுகாப்பு உடை யாருக்கு முதலில் கிடைத்தது, கொரோனா வார்டுக்கு யார் அதிகம் அனுப்பப்பட்டார்கள் என்று சமூக வாரியாகக் கேட்க நம் கையில் எந்தப் பதிவும் இல்லை.

முகவரியில் இருக்கும் சாதி

சாதிக் கட்டம் இல்லாததால் இன்றைய பதிவேடு சாதியற்றது என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 31ஆம் பிரிவில், தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறது: பெயர், முகவரி, தகுதிகள். வட இந்தியாவில் பெயரின் பின்னொட்டே சாதியைச் சொல்லிவிடும். சுயமரியாதை இயக்கத்தின் பயனாகத் தமிழ்நாட்டில் பெயர் சொல்லாது. ஆனால் முகவரி சொல்லும். ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குப் பின் ‘ஊரில் எங்கே?’ என்ற கேள்வி ஏன் வருகிறது என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் குறியாகவும் வசைச் சொல்லாகவும் ஆகிவிட்டது என்று ஏற்று, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசே அறிவித்தது. அதுவரை அந்தச் சொல்லைத் தாங்கிய முகவரி, யாரும் கேட்காமலேயே ஒரு சாதிச் சான்றிதழாக இருந்தது.

ஆகவே ‘சாதியைக் கேட்கலாமா, கூடாதா’ என்று விவாதிப்பதில் பொருளில்லை. அது கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நம் நன்மைக்கும் கேட்கப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

எப்படிக் கேட்க வேண்டும்

பண்டிதரிடம் திரும்புவோம். குடிமதிப்பில் நம்மைப் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று எழுதியபோது அவர் கணக்கைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. பூர்வத் தமிழர் என்றும் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் எழுதக் கோரினார். பௌத்தர் என்று பதியச் சொன்னார். இரட்டைமலை சீனிவாசன் வேறு வழியில் போனார். எந்தப் பெயரால் இழிவுபடுத்தினார்களோ அதையே 1893இல் தன் பத்திரிகைக்குச் சூட்டினார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசாணையில் ஏறியது. வழிகள் மூன்று. மூவரும் ஏற்றுக்கொண்ட ஒன்று உண்டு. எண்ணப்பட வேண்டும், எந்தப் பெயரால் என்பதை நாம் சொல்ல வேண்டும். உரிமப் பதிவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஐந்து கோரிக்கைகள் கிடைக்கின்றன.

முதலாவது, சுய அறிவிப்பு. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் யாராக இருந்தாலும் பதிவு செய்யும்போதும் புதுப்பிக்கும்போதும் சமூகம், பாலினம், தாய்மொழி, மாற்றுத்திறன், சொந்த மாவட்டம், பணியாற்றும் இடம் ஆகியவற்றை அவரே சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்ற கட்டமும் இருக்க வேண்டும். சொல்லாததற்காக உரிமம் நிற்கக் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டத்தின் வழியாக ஏறத்தாழ இப்படித்தான் செய்கிறது. அந்த மாநில மக்களில் பத்துக்கு நான்கு பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். மருத்துவர்களில் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. நோயாளியின் மொழி மருத்துவருக்குத் தெரியாத ஊர் எது என்று அங்கே தேடிப் பார்க்க முடிகிறது. சவ்வாது மலையில் அந்தக் கேள்வியை நாம் கேட்க முடிய வேண்டாமா? அதே கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா 2023இல் ஆளுநரின் மறுப்பால் நின்றது. அங்கே போன இந்திய மருத்துவர் ‘இந்தியர்’ என்ற கட்டத்துக்குள் நின்றுவிடுகிறார். பெரிய கட்டத்தில் கடைசி ஆள் மறைவது கடல் கடந்தும் தொடர்கிறது.

இரண்டாவது, இரண்டு ஏடுகள். தேசியப் பதிவேடு பொதுமக்கள் பார்ப்பதற்காக இணையத்தில் வைக்கப்படுவது. அதில் சாதி ஒருபோதும் இடம்பெறக் கூடாது. சமூக விவரம் தனி ஏட்டில், பெயரோடு சேராமல், பூட்டி இருக்க வேண்டும். வெளியே வருவது மொத்த எண்ணிக்கை மட்டுமே. ஒரு வட்டத்தில் ஒரே ஒரு தலித் அறுவை மருத்துவர் இருந்தால் அந்த எண்ணே அவர் பெயராகிவிடும். அப்படிச் சிறிய எண்கள் மாவட்ட அளவில் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவது, சட்டப் பாதுகாப்பு. தனிநபர் தரவு குறித்த 2018, 2019 வரைவுகளில் சாதி, பழங்குடி விவரம் தனிப் பாதுகாப்புக்குரிய தரவாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. இந்தக் குறையைச் சரிசெய்யாமல் நம் பிள்ளைகளின் சாதியை எந்தக் கணினியிலும் ஏற்றச் சொல்ல நான் தயாராக இல்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசிய மருத்துவப் பதிவேட்டின் இணையதளம் ஆதாரோடு இணைக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது, கட்டத்தின் அளவு. ‘பட்டியல் சாதி’ என்று ஒரே கட்டம் போதாது. அருந்ததியர் எத்தனை பேர், புதிரை வண்ணார் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இது இன்னும் அவசியம். பறையராகப் பிறந்து இதைப் பேசுகிறவர்கள் இதை முதலில் பேச வேண்டும். முன்பு குறிப்பிட்ட வேலூர்ச் செவிலியரின் பேத்தியும் இந்தக் கட்டத்தில் வர வேண்டும். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவராகிவிட்ட தலித் பட்டியல் சாதி ஆக முடியாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர். அரசுச் சான்றிதழை மட்டும் பார்த்தால் நம் சமூகத்துச் செவிலியரில் பெரும்பகுதி கணக்கிலிருந்து விழுந்துவிடும். சுய அறிவிப்பு தேவை என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

ஐந்தாவது, ஒரே நேரத்தில் எல்லோரையும் கேட்க வேண்டும். தலித்தை மட்டும் எண்ணினால் அது அடையாளமிடுவது. எல்லாச் சாதியையும் எண்ணினால்தான் யார் அளவுக்கு மேல் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. மக்கள் எத்தனை என்ற கணக்கு வரும்போது, மருத்துவர் எத்தனை என்ற கணக்கு அதன் பக்கத்தில் வைக்கத் தயாராக இருக்க வேண்டும். 1916 அறிக்கை செய்த வேலை அது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 31ஆம் பிரிவு பெயர், முகவரி, தகுதி என்று சொல்லிவிட்டு, ஒழுங்குமுறைகளில் குறிப்பிடப்படும் பிற விவரங்களும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக எதைக் கேட்பது, எதை வெளியில் காட்டாமல் வைப்பது என்று ஒழுங்குமுறை வகுக்கலாம். செவிலியருக்கு 2023 சட்டமும், துணை மருத்துவத் தொழில்களுக்கு 2021 சட்டமும் வந்து, அவற்றின் பதிவேடுகள் புதிதாக உருவாகும் காலம் இது. ஏடு எழுதி முடிந்த பிறகு கட்டம் சேர்ப்பது கடினம்.

மாணவர்களுக்கு

ஒழுங்குமுறை வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். ஒவ்வொரு அரசு அலுவலகமும் பணி நியமனத்துக்கு இனச்சுழற்சிப் பதிவேடு வைத்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியிலும், தாலுகா மருத்துவமனைகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அந்தப் பதிவேட்டின் எண்ணிக்கையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். பேராசிரியர், உதவிப் பேராசிரியர், மருத்துவ அலுவலர், செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் என்று படிவாரியாக எழுதுங்கள். எந்தப் படியில் எந்தச் சமூகம் நிற்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாநில மருத்துவ மன்றத்திடம் போவோம்.

நம் வீட்டுப் பிள்ளை மருத்துவரானதைச் சுவரொட்டி அடித்துக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அந்தப் பிள்ளை படிப்பு முடித்துப் பதிவு எண் வாங்கும் நாளில், அவர் தனியாள் இல்லை, இத்தனையாவது ஆள் என்று சொல்ல நம்மிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும். பதிவேட்டில் இடம் கிடைக்காமல் போன ஒரு மருத்துவரின் பெயரால் கூடியிருக்கிறோம். அவருக்குச் செய்யும் மரியாதை இந்தக் கணக்கை எழுதி முடிப்பது.

ஜெய்பீம்.